கயிற்றோடு கப்பலேறிய மணல்

கரண்ட் போனால் ஊரே இருண்டுவிடும் காலத்தில் கல்யாணப் பந்தலிலும் கோயில் கொடையிலும் வெளிச்சம் என்றால் பெட்ரோமாக்ஸ்தான். மண்ணெண்ணெய் ஊற்றிப் பம்ப் அடிக்கிறவரைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள் எப்போதும் நிற்போம். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளை நூல் வலையை எடுப்பார். மேண்டில். பர்னரில் கட்டித் தீ வைத்ததும் நூல் கறுத்துச் சுருங்கி எரிந்துபோகும். கடைசியில் வெறும் சாம்பல் கூடு தொங்கும். அந்தச் சாம்பல்தான் பந்தல் முழுக்கப் பகலாக்கும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் பார்த்த வேலையை நிஜத்தில் பார்த்து அடி வாங்கிய பிள்ளைகளில் நானும் ஒருவன்.

அந்தச் சாம்பல் தோரியம் ஆக்சைடு என்பது தெரியவந்தது வெகுகாலம் கழித்து. அந்தத் தோரியத்துக்காக ஐரோப்பியர்கள் குமரிக் கடற்கரைக்கு வந்து மணல் அள்ளிய கதை அதற்கும் பிறகுதான் தெரிந்தது. இன்று அதே மணலை மறுபடியும் கேட்கிறார்கள். இந்த முறை விளக்குக்கு இல்லை. மின்சார ஸ்கூட்டரின் மோட்டாருக்கு, காரின் மோட்டாருக்கு, கடலுக்குள் நடுகிற காற்றாலைக்கு.

2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ஏறக்குறைய எல்லா உலக நாடுகள் மீதும் இறக்குமதி வரி ஏற்றத்தை அறிவித்தார். இரண்டே நாளில், ஏப்ரல் 4 அன்று, சீனாவின் பதில் வந்தது. சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்புரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய ஏழு தனிமங்களும் அவை கலந்த காந்தங்களும் இனி உரிமம் இல்லாமல் சீனாவை விட்டுப் போகாது. பள்ளிக்கூட வேதியியல் அட்டவணையில் கீழே தனியாக ஒதுக்கிவைத்த வரிசையில் இருக்கும் பெயர்கள்தான் இவற்றில் பல. பரீட்சைக்குக்கூட யாரும் படித்ததில்லை.

மே மாதம் சிகாகோவில் ஃபோர்டு தன் எக்ஸ்ப்ளோரர் கார் ஆலையை ஒரு வாரம் மூடியது. ஜப்பானில் சுஸுகி, ஸ்விஃப்ட் உற்பத்தியை நிறுத்தியது. இங்கே மாருதி தன் முதல் மின்சாரக் கார் உற்பத்தித் திட்டத்தைச் சுருக்கியதாகச் செய்தி வந்தது. ஆகஸ்டில் ஒரு மின் வாகனம்கூட வெளியே வராமல் போகலாம் என்று பஜாஜ் எச்சரித்தது. காந்தம் வேண்டுமென்றால், அதைப் போர்த் தளவாடத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதிக்கொடுத்து, இந்திய அரசின் சான்றும் சீனத் தூதரகத்தின் ஒப்புதலும் வாங்கி, பெய்ஜிங்கின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு ஸ்கூட்டர் மோட்டாருக்கு இத்தனை முத்திரை.

இதில் பலர் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. அந்தக் காந்தத்தின் முக்கிய தனிமம் நியோடிமியம். சீனாவின் பட்டியலில் நியோடிமியமே இல்லை. இருந்தது டிஸ்புரோசியமும் டெர்பியமும். சாதாரண நியோடிமியம் காந்தம் எண்பது டிகிரி வெப்பத்தைத் தாண்டினால் சோர்ந்துபோகும். மோட்டாருக்குள் சூடு அதைவிட வெகுவாக ஏறும். அந்தச் சூட்டில் காந்தம் தன் சக்தியை விடாமல் இருக்க, சில சதவீதம் டிஸ்புரோசியமோ டெர்பியமோ சேர்க்கிறார்கள். சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி. பருப்பும் புளியும் வீட்டில் மூட்டையாகக் கிடந்தாலும், பெருங்காயம் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தாக வேண்டுமே. சீனா பூட்டியது அந்தப் பெருங்காய டப்பாவைத்தான்.

இரட்டையரைப் பிரித்தவர்

பழைய கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே நகம் வெட்டிப்போட்ட வடிவில் பளபளவென்று இரண்டு துண்டுகள் இருக்கும். கட்டைவிரல் அகலம்கூட இராது. ஒன்றை இரும்பு பீரோவில் ஒட்டிவிட்டு விரலால் இழுத்தால் வராது. ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்ப வேண்டும். இரண்டுக்கும் நடுவில் விரல் மாட்டினால் ரத்தம் கட்டும். நியோடிமியம் காந்தம் இதுதான். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிட்டோமோவில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் க்ரோட்டும், ஒருவர் வழி மற்றவர்க்குத் தெரியாமல் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். இரும்பும் போரானும் நியோடிமியமும் சேர்ந்த கலவை. எடையில் சுமார் 30 சதவீதம்தான் நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள். ஒரு மின்சாரக் காருக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ காந்தம் போதும்.

அந்த நியோடிமியத்தை உலகத்துக்குத் தனியே எடுத்துக் காட்டியவர் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக். அதுவரை டிடிமியம் என்று ஒரே தனிமமாக நினைத்திருந்ததை 1885இல் அவர் இரண்டாகப் பிரித்தார். டிடிமியம் என்றால் கிரேக்கத்தில் இரட்டை. பிரிந்த ஒன்றுக்குப் பச்சை இரட்டை, மற்றதற்குப் புது இரட்டை என்ற பொருளில் பெயர் வைத்தார். பிரசியோடிமியம், நியோடிமியம். அதே வெல்ஸ்பாக்தான் அதே ஆண்டில் மேண்டிலுக்கும் காப்புரிமை வாங்கினார். 1891இல் 99 பங்கு தோரியம், ஒரு பங்கு சீரியம் என்ற கலவையைப் பிடித்தார். மேண்டில் உலகமெங்கும் பரவியது.

தோரியம் எங்கே கிடைக்கும்? மோனசைட் என்ற தேன் நிறக் குருணையில். முதலில் பிரேசிலின் கடற்கரையிலிருந்து வந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் வந்த தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை உதறிப் பார்த்தார். மோனசைட் மின்னியது. கயிறு வந்த வழியைத் தேடிக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்த இடம், அன்று திருவிதாங்கூரில் இருந்து 1956இல் தமிழகத்தோடு இணைந்த மணவாளக்குறிச்சி. அடுத்த ஆண்டே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. முதல் உலகப் போர் வந்ததும் உளவாளி என்று சொல்லி பிரிட்டிஷார் அவரைக் கைது செய்தார்கள். ஆலை லண்டன் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனது. அருமண்ணுக்காக அரசியல் நடப்பது இன்றைய புதுமை என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கைதை யோசித்துப் பார்க்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், அன்று வேண்டியது தோரியம் மட்டும்தான். அதை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சிய சீரியம், லாந்தனம், நியோடிமியக் கலவையை என்ன செய்வது என்று தெரியாமல் குவித்துவைத்தார்கள். வெல்ஸ்பாக்கே அதை இரும்போடு உருக்கிப் பொறி பறக்கும் கல்லாக்கினார். சிகரெட் லைட்டரில் உரசுகிற கல் அதுதான். இன்று கிலோ கணக்கில் நாடுகள் மோதிக்கொள்ளும் நியோடிமியம், அன்று பீடி பற்றவைக்கிற கல்லுக்குள் கிடந்தது. இன்று கதை தலைகீழ்: வேண்டியது நியோடிமியம், கூடவே வரும் கதிரியக்கத் தோரியத்தை எங்கே வைப்பது என்பதுதான் எல்லா நாட்டுக்கும் தலைவலி.

கோதுமைக்கு மணல்

மேண்டில் காலத்துக்கும் காந்தக் காலத்துக்கும் நடுவே தோரியத்துக்கு ஒரு ராஜயோகம் வந்தது. ஹிரோஷிமாவுக்குப் பிறகு, அணுசக்திக்குத் தோரியம் உதவும் என்றதும் திருவிதாங்கூர் மணலின் மதிப்பு ஒரே இரவில் மாறிப்போனது. மேண்டில் கம்பெனிக்காரர்கள் வந்த வழியில் அரசாங்கங்கள் வந்தன. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்தபோது, அவர் கையிலிருந்த சீட்டுகளில் இந்த மணலும் ஒன்று. ஜூலையில் அவர் மீது கத்திக்குத்து விழுந்தது. திருவிதாங்கூர் இந்தியாவோடு சேர்ந்தது.

1950இல் இந்திய அரிய மணல் நிறுவனம் தொடங்கியது. 1951இல் பஞ்சத்துக்கு அமெரிக்காவிடம் இந்தியா கோதுமை கேட்டபோது, பதிலுக்கு மோனசைட் ஏற்றுமதித் தடையைத் தளர்த்த வேண்டும் என்ற பேச்சு அமெரிக்க நாடாளுமன்றத்தில் எழுந்தது. நேரு இணங்கவில்லை. 1952 டிசம்பரில் ஆலுவாயில் மோனசைட் ஆலையைத் திறந்துவைத்தார். மணலாக விற்காமல் இங்கேயே பிரிப்போம் என்ற அந்த முடிவு சரியானது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அது அணுசக்தித் துறையின் கண்ணால் பார்த்த முடிவு. தோரியம் பத்திரமாகப் பூட்டப்பட்டது. நியோடிமியம் இரண்டாம் பட்சமாகவே இருந்தது. உலகம் காந்தம் செய்யத் தொடங்கியபோது நாம் தோரியத்துக்குக் காவல் இருந்தோம். 2004இல், சீனாவின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல், மோனசைட்டைப் பிரிக்கும் வேலையையே இங்கு நிறுத்திவிட்டார்கள். மறுபடி எழுந்து உட்காரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

சீனா அப்படி என்ன செய்தது? மண் அதிகம் இருந்தது என்பது பாதிக் கதை. மீதியைப் புரிந்துகொள்ள மணவாளக்குறிச்சி ஆலையின் வேலையைப் பார்க்க வேண்டும்.

கடற்கரையில் கருமணலாகத் தெரிவது நாலைந்து தாதுக்களின் கலவை. ஆலைக்குள் அவற்றைப் பிரிப்பது அவற்றின் குணத்தை வைத்துத்தான். மின்சாரம் பாயும் உருளையில் விட்டால் இல்மனைட்டும் ரூட்டைலும் ஒரு பக்கம் விழும். காந்தத்தைக் காட்டினால் இல்மனைட் ஒட்டும், ரூட்டைல் ஒட்டாது. மின்சாரம் கடத்தாத மிச்சத்தில் கார்னெட்டும் மோனசைட்டும் காந்தத்துக்குக் கொஞ்சம் மசியும், சிர்கான் மசியாது. அம்மா முறத்தில் புடைத்து நொய்யையும் கல்லையும் உமியையும் வேறாக்குவது போன்ற வேலை. தூசு உண்டு, ஆனால் ரசாயனம் இல்லை.

இனிமேல்தான் கஷ்டம். மோனசைட்டைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, அமிலத்தில் கரைத்து, தோரியத்தை ஒதுக்கினால் கிடைப்பது பத்துப் பதினைந்து தனிமங்கள் கலந்த ஒரு கரைசல். அவையெல்லாம் ஒட்டிப் பிறந்தவை. குணத்தில் நூலிழை வித்தியாசம்தான். மண்ணெண்ணெயில் கலந்த ஓர் எண்ணெய் அமிலத்தோடு கரைசலைக் குலுக்கினால், நியோடிமியம் கொஞ்சம் அதிகமாக எண்ணெய்ப் பக்கம் போகும். பிரசியோடிமியம் கொஞ்சம் குறைவாக. தெளியவிட்டு அடுத்த தொட்டிக்கு மாற்றி மறுபடி குலுக்க வேண்டும். மறுபடி. நூற்றுக்கணக்கான தொட்டிகள் வரிசையாக நிற்கும். ஒரு தொட்டியில் அளவு பிசகினால் வரிசை முழுக்கக் கெடும். பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் ஷூ குவாங்சியன் 1970களில் இந்தத் தொட்டி வரிசைக்குக் கணக்கு வகுத்துத் தந்தார். எத்தனை தொட்டி, எந்த அமிலம், எவ்வளவு என்று காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். அந்தக் கணக்கைச் சீனா ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்தது.

அப்புறம் அழுக்கு. உள் மங்கோலியாவில் பாவுடோ நகருக்கு வெளியே கழிவுச் சேறு ஏரியாகத் தேங்கி நிற்கிறது. தெற்கே ஜியாங்சியின் மலைகளில் அம்மோனியம் சல்பேட்டை மண்ணுக்குள் செலுத்தித் தாதுவைக் கரைத்து எடுத்தார்கள், ஆறுகள் கெட்டன. அமெரிக்காவின் மௌண்டன் பாஸ் சுரங்கம் 1990களில் கழிவுநீர்க் குழாய் கசிந்து வழக்கில் மாட்டி, சீன விலையோடும் மோத முடியாமல் 2002இல் படுத்தது. மலேசியாவின் ஈப்போ அருகே புக்கிட் மேராவில் மிட்சுபிஷி பங்குகொண்ட ஆலை, தோரியக் கழிவுக்கு எதிராக ஊர் மக்கள் பத்தாண்டு போராடி 1992இல் மூடப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் காந்தக் கம்பெனி மேக்னக்வெஞ்சை 1995இல் விற்றபோது வாங்கியவர்களில் சீனர்கள் இருந்தார்கள். சில ஆண்டுகளில் இண்டியானா ஆலைகள் மூடி, எந்திரங்கள் சீனா போயின. சுத்தமான காற்று வேண்டும், மலிவான காந்தமும் வேண்டும், அழுக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கட்டும் என்று உலகம் இருபது ஆண்டு சுகமாக இருந்தது. அந்தச் சுகத்துக்கான பில்தான் 2025இல் வந்தது. இன்று அருமண் பிரிப்பிலும் காந்தத் தயாரிப்பிலும் சுமார் 90 சதவீதம் சீனாவிடம்.

முன்னறிவிப்பு இல்லாமலும் இல்லை. 2010 செப்டம்பரில் சென்காகு தீவுகள் அருகே சீன மீன்பிடிப் படகு ஒன்று ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களில் மோதியது. படகின் தலைவரை ஜப்பான் பிடித்து வைத்ததும், ஜப்பானுக்கு வரவேண்டிய அருமண் சீனத் துறைமுகங்களில் தங்கிப்போனது. ஜப்பான் பாடம் படித்தது. ஆஸ்திரேலியாவின் லைனஸ் நிறுவனத்தில் பணம் போட்டது. இந்தியாவோடு ஒப்பந்தம் செய்தது. 90 சதவீதத்துக்கு அருகில் இருந்த சீனச் சார்பை 60 சதவீதம் அளவுக்கு இறக்கியது. மற்றவர்கள் விலை இறங்கியதும் மறந்துவிட்டார்கள். 2025 ஜூலையில்தான் அமெரிக்க ராணுவத் துறை மௌண்டன் பாஸ் சுரங்கத்தை இப்போது நடத்தும் நிறுவனத்தில் 40 கோடி டாலருக்குப் பங்கு வாங்கி, கிலோவுக்கு 110 டாலர் என்று அடிவிலையும் உறுதி கொடுத்தது. சந்தைதான் கடவுள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த நாடு நெல்லுக்கு ஆதரவு விலை மாதிரி காந்த மண்ணுக்கு விலை நிர்ணயித்ததைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

நம் கணக்கு

இந்தியாவும் விழித்துக்கொண்டது. 2025 ஜனவரியில் முக்கியக் கனிமங்களுக்கான தேசிய இயக்கம். நவம்பரில் ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டம். 2026 பட்ஜெட்டில் ஒடிசா, கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களுக்கு அருமண் வழித்தட அறிவிப்பு. 6,000 டன் காந்தத்துக்கு 30 சதவீதம் என்று போட்டாலே 1,800 டன் அருமண் வேண்டும். அரிய மணல் நிறுவனம் 2025-26இல் தயாரிக்கக்கூடியது 450 டன் நியோடிமியம்தான் என்பது ராய்ட்டர்ஸ் தந்த தகவல். மண் இல்லாமல் இல்லை. மோனசைட் கையிருப்பு மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் என்று அணுக்கனிம இயக்குநரகம் கணக்குச் சொல்கிறது. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலிலும் மோனசைட் உண்டு. குறை தொட்டி வரிசையில்.

பெருங்காயக் குறையும் உண்டு. நம் மோனசைட்டில் டிஸ்புரோசியமும் டெர்பியமும் இருந்தும் இல்லாத அளவுதான். உலகத்துக்கு அவை வருவது பெரும்பாலும் தென் சீன மலைகளிலிருந்தும், எல்லை தாண்டி மியன்மாரின் கச்சின் பகுதியிலிருந்தும். கச்சினில் பாங்வா சுரங்கப் பகுதியை 2024 அக்டோபரில் கச்சின் விடுதலைப் படை பிடித்தது. ஆக, ஐரோப்பாவில் ஓடும் காரின் மோட்டாருக்குள் ஒரு கெரில்லாப் படையின் வரி கலந்திருக்கலாம். குமரி மணலில் காந்தம் செய்தாலும் அந்தச் சிட்டிகைக்கு நாம் யாரிடமோ போய்த்தான் நிற்க வேண்டும்.

அருமண்ணே இல்லாமலும் சுற்ற முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் வரிசை கட்டி நிற்கிற பழைய காற்றாலைகளில் பெரும்பாலானவை கியர் வைத்த சாதாரண ஜெனரேட்டரில் ஓடுபவை. நியோடிமியம் அவற்றுக்குத் தெரியாது. பி.எம்.டபிள்யூவும் ரெனோவும் செப்புச் சுருளிலேயே காந்தப்புலம் உண்டாக்கும் மோட்டாரில் கார் விற்கின்றன. ஓலா 2025 அக்டோபரில் ஃபெரைட் காந்த மோட்டாருக்கு அரசுச் சான்று வாங்கியது. ஃபெரைட் என்றால் ஸ்பீக்கரில் இருக்கும் கறுப்புக் காந்தம். இரும்புத் துருவின் உறவு. கொஞ்சம் கனம், கொஞ்சம் பெரிசு. விமானத்துக்கும் ஏவுகணைக்கும் அது சரிப்படாது. ஸ்கூட்டருக்கு ஏன் சரிப்படக் கூடாது என்பதுதான் என் கேள்வி.

ஆனால் அரசுகள் மண்ணைத்தான் முதலில் பார்க்கின்றன. கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய ஐந்து கிராமங்களில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்தது. 2024 அக்டோபரில் பத்மநாபபுரத்தில் நடத்துவதாக இருந்த கருத்துக் கேட்புக் கூட்டம், மீனவர்களும் கிராமங்களும் எதிர்த்ததால் நடக்கவில்லை. ஆண்டுதோறும் ஆடி மாதக் கடலில் வீட்டுச் சுவரைப் பறிகொடுத்து, கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டு மறியல் செய்கிற கரை அது. அங்கே போய், மணலை எடுத்துத் தாதுவைப் பிரித்துவிட்டு மிச்சத்தைத் திரும்ப நிரப்பிவிடுவோம் என்று சொன்னால் எடுபடுமா? புற்றுநோய் அச்சம் இன்னொன்று. இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் எழுபதாயிரம் பேரைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு, கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை என்று 2009இல் சொன்னது. கதிர்வீச்சுள்ள மணலை அள்ளினால் அங்கே கதிர்வீச்சு குறையும், ஆகவே அள்ளுவது நன்மை என்றும் ஒரு வாதம் வைக்கப்படுகிறது. தாயையோ அண்ணனையோ திருவனந்தபுரம் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தவரிடம் பக்கத்து மாநிலத்தின் ஆய்வை நீட்டினால் அவர் வாங்க மாட்டார். அவர் ஊரில் அவர் முன்னிலையில் கணக்கெடுக்க வேண்டும். அதற்குக் காசு பெரிதாக ஆகாது.

அந்தப் பேச்சுக்கே இப்போது இடம் சுருங்கிவிட்டது. 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணுக்கனிமங்களையும் முக்கியக் கனிமங்களையும் தோண்டும் திட்டங்களுக்கு இனி மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை; பரப்பு எவ்வளவானாலும் டெல்லியிலேயே பரிசீலித்துக்கொள்ளலாம். நாட்டுப் பாதுகாப்பு, தூய எரிசக்தி என்று காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. திரும்பப் பெறச் சொல்லித் தமிழக முதல்வர் பிரதமருக்கு எழுதினார்.

2025 அக்டோபர் 9 அன்று சீனா இன்னும் ஐந்து தனிமங்களைப் பூட்டியது. மாத இறுதியில் பூசானில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபின் அந்தப் பூட்டை 2026 நவம்பர் 10 வரை திறந்துவைத்திருக்கிறது. ஏப்ரலில் போட்ட பூட்டு அப்படியேதான் இருக்கிறது. கம்பெனிகள் நவம்பரை எண்ணிக் காந்தத்தைச் சேமித்துக்கொண்டிருக்கின்றன. இனயத்திலும் மிடாலத்திலும் அடுத்த ஆடிக்குள் கல் கொட்டித் தருவார்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.